ஞாயிற்றுக்கிழமையில் பூனைக்கு வைத்தியம் கிடைக்குமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் திருப்பூரில் உள்ள ஒரு பனியன் கம்பெனியில் 16 ஆண்டுகளாகப் பேட்லாக் என்னும் தட்டைத் தையல் இயந்திரத்தில் டெய்லராக வேலை பார்த்து வருகிறேன். வயதான தாயாருடனும் இரண்டு பூனைகளுடனும் ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறேன். கூலி, வாடகை, சாயத் தண்ணீர், சாலைப் பள்ளம் ஆகியவற்றைப் பற்றி எங்கள் ஊரிலிருந்து தங்களுக்கு ஏராளமான கடிதங்கள் வந்திருக்கும். பூனையைப் பற்றி ஒன்றும் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். சென்ற மாதம் ஒரு மருந்துக் கடையில் பூனைக்குக் குடற்புழு மருந்து கேட்டுக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், "வாய்க்கும் வயித்துக்குமே பத்தலைங்கறாங்க, இதுல பூனை வேற" என்று என் காதில் விழும்படியே சொன்னார். அவருக்கு அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம்; ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்த எனக்கு, மணி அடிப்பதற்குள் இயந்திரத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அந்தப் பதிலைத்தான், ஒரு கோரிக்கையையும் சேர்த்து, இப்போது எழுதுகிறேன்.

இந்தப் பூனைகளை நான் விலை கொடுத்து வாங்கவில்லை, தேடிப் போய் எடுத்து வரவும் இல்லை. இரண்டரை ஆண்டுகளுக்கு முன் எங்கள் கம்பெனியின் பின்கட்டில் குவித்து வைத்திருந்த கட்டிங் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவே ஒரு தாய்ப்பூனை மூன்று குட்டிகளை ஈன்றிருந்தது. மூட்டைகளை ஏற்ற வண்டி வந்த அன்று தாய் எங்கோ ஓடிவிட, குட்டிகளைச் சாக்கில் போட்டு நொய்யல் கரையில் விட்டு வரும்படி வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டார்கள். அவர் நல்ல மனிதர். சாக்கின் வாயைக் கட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, செக்கிங் பெண்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டபடி வந்தார். பட்டினி கிடக்கும் என்று தெரிந்தே ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் முதல் முறை செய்பவருக்கான அபராதம் 10 ரூபாயில் தொடங்கி 50 ரூபாயில் முடிந்துவிடுகிறது என்பதால், அந்தச் சட்டத்துக்கு அஞ்சி யாரும் சாக்கைக் கீழே வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அன்று மாலை மூன்று குட்டிகளும் என் சாப்பாட்டுப் பையில் வீட்டுக்கு வந்தன.

அம்மா இரண்டு நாள் திட்டினார். மூன்றாம் நாள் அவரே பெயர் வைத்துவிட்டார். எங்கள் லைனில் எட்டு வீடுகளுக்கும் ஒரே ஓட்டுக்கூரை நீளமாக ஓடுகிறது. ஒரு வீட்டில் எலிப்பொறி வைத்தால் எலி அடுத்த வீட்டுக்குக் குடிபெயருமே தவிர, குறையாது. ரேஷன் அரிசிச் சாக்கையும் பள்ளிப் பிள்ளைகளின் பைகளையும் கடித்துக் குதறிக்கொண்டிருந்த எலிகள், குட்டிகள் வளர்ந்து கூரையில் நடமாடத் தொடங்கிய பிறகுதான் அடங்கின. வாயில்லா ஜீவன் எதையும் வளர்க்கக் கூடாது என்று வாடகை பேசும்போதே கறாராகச் சொல்லியிருந்த வீட்டுக்காரர், எங்கள் பூனைகளைக் கண்டும் காணாதது போல் இருப்பதற்கு அதுவே காரணம். எனக்கு வேறொரு காரணம் உண்டு. சர்க்கரை நோயால் அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. நான் காலையில் கிளம்பினால் இரவு வரை அவர் தனியாக இருக்கிறார். அந்த நேரம் முழுவதும் அவர் பேசுவது பூனைகளிடம்தான். நான் வீடு திரும்பியதும் அன்றைக்கு எந்தப் பூனை என்ன சேட்டை செய்தது என்பதைத்தான் முதலில் சொல்வார்.

பூனை வளர்ப்பில் பெரிய செலவு தீனி என்று பலர் நினைக்கிறார்கள். தீனியை எப்படியோ சமாளித்துவிடலாம். பாக்கெட்டில் அடைத்து விற்கும் பூனை உணவுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. மாட்டுத் தீவனத்துக்கும் கோழித் தீவனத்துக்கும் வரியே இல்லை. நான் தைக்கும் பனியனுக்கு 5 சதவீதம். பால் கறந்தால் வரி இல்லை, எலி பிடித்தால் வரி உண்டு என்பது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை. ஆகையால் பெரும்பாலும் பிராய்லர் கடையில் மிஞ்சும் கோழி இதயத்தையும் கழுத்தையும் வாங்கி, உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, கொஞ்சம் சோற்றோடு பிசைந்து வைக்கிறேன். தயிர்ச்சோறும் பாலுமே பூனைக்குப் போதும் என்று நானும் முதலில் நம்பியிருந்தேன். டாரின் என்ற சத்து பூனைக்குக் கட்டாயம் வேண்டும், அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது, அது இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும் என்று ஒரு மருத்துவர் விளக்கிய பிறகுதான் தெரிந்தது. வேகவைக்கும்போது அந்தச் சத்து தண்ணீரில் இறங்கிவிடும் என்பதால், வெந்த தண்ணீரைக் கொட்டாமல் சோற்றிலேயே ஊற்றச் சொன்னார். மலம் கழிக்க, கடையில் விற்கும் பூனை மணலுக்குப் பதிலாக, வீடு கட்டும் இடத்தில் கேட்டு வாங்கி வந்த மணலைச் சலித்து ஒரு பழைய அன்னக்கூடையில் போட்டு வைத்திருக்கிறேன். இதெல்லாம் ஏழை வீட்டுக்கு முடியாத காரியங்கள் அல்ல.

முடியாமல் போவது நேரம். எங்கள் தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: காலை எட்டரைக்குள் இயந்திரத்தில் உட்கார வேண்டும். ஒரு ஷிப்ட் என்றால் மாலை ஐந்தரைக்கு எழலாம்; ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு ஒன்பது; ஷிப்மெண்ட், அதாவது சரக்கை அனுப்ப வேண்டிய நாள், நெருங்கி இரண்டு ஷிப்ட் ஓடினால் நள்ளிரவு ஒரு மணி. வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் எழுதி வைத்தது. ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் சாப்பாடு, தேநீர் நேரம் கழித்தே 65 மணி ஆகிவிடும். அந்த அரை ஷிப்டுகளை விட்டால் வாடகை கொடுக்க முடியாது என்பதால் யாரும் அதை வேண்டாம் என்பதில்லை. சனிக்கிழமை சம்பளக் கவரைக் கையில் வாங்கும்போது பூனைக்குச் செலவு செய்ய நூறு, இருநூறு மிஞ்சும் வாரங்களில், அதைக் கொண்டுபோய்ச் செலவழிக்க ஒரு மணி நேரம் மிஞ்சுவதில்லை. ஆர்டர் இல்லாமல் மூன்று நாள் மட்டும் வேலை ஓடும் வாரங்களில் நேரம் தாராளமாக இருக்கிறது, கவர் மெலிந்துவிடுகிறது. எங்கள் பகுதி அரசு கால்நடை மருந்தகம் காலையில் சில மணி நேரமும் பிற்பகலில் சில மணி நேரமும் இயங்குகிறது. இரண்டு வேளையும் நான் தையல் இயந்திரத்தில் இருக்கும் வேளைகள்.

இதனால் நான் இழந்த முதல் உயிர் மூன்று குட்டிகளில் இளையது. வாந்தி, பேதி, அசையாமல் தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு இருத்தல். இரண்டே நாளில் முடிந்துவிட்டது. பான்லுகோபீனியா என்னும் வைரஸ் நோய் அது. தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் மீண்டும் போட வேண்டும். ஆறாம் வாரத்திலேயே போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிப் போட்டதுதான் நான் செய்த தவறு. தனியார் மருத்துவமனையில் ஓர் ஊசிக்குக் கேட்ட பணம் என் ஒன்றரை நாள் கூலி. இறந்த குட்டி படுத்திருந்த துணிகளை எரித்து, தரையை பிளீச்சிங் கரைசலால் கழுவச் சொன்னார்கள், ஏனென்றால் அந்த வைரஸ் வீட்டுக்குள் ஓராண்டு வரை கூட உயிர்ப்போடு இருக்குமாம். மற்ற இரண்டும் எப்படிப் பிழைத்தன என்று இன்றும் எனக்கு வியப்புதான்.

இரண்டாவது சம்பவத்தைச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன், ஏனெனில் ஆண்பூனை வளர்ப்பவர்கள் அனைவரும் அறிய வேண்டியது அது. சென்ற ஆண்டு கோடையில், ஒரு ஷிப்மெண்ட் தாமதமாகி, தொடர்ந்து நான்கு நாட்கள் இரண்டு ஷிப்ட் ஓடியது. கோழி வாங்கி வேகவைக்க நேரமில்லாததால் பாக்கெட் தீவனத்தையே ஒரு தட்டு நிறையக் கொட்டி வைத்துவிட்டுப் போனேன். இரண்டாம் நாள் இரவு, எங்கள் ஆண்பூனை சின்னான் மணல் கூடைக்குள் போவதும், குந்துவதும், ஒன்றும் இல்லாமல் வெளியே வருவதுமாக இருந்ததைப் பார்த்தேன். மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு சொட்டு விளக்கெண்ணெய் தடவிவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் காலையில் அது கட்டிலுக்கு அடியில் இருந்தது. அம்மாவால் பார்க்க முடியாது. "இன்னைக்குச் சின்னான் சத்தமே காணோம்" என்று மட்டும் சொன்னார். அன்றிரவு ஒன்றேகால் மணிக்கு நான் வந்து கையில் தூக்கியபோது, அடிவயிறு எலுமிச்சம்பழம் போல் கெட்டியாக இருந்தது, தொட்டவுடன் கத்தியது.

ஆண்பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. தண்ணீர் குறைவாகக் குடித்து உலர்ந்த தீவனமே தின்னும்போது சிறுநீரில் உண்டாகும் படிகங்களும் சளி போன்ற கசடும் சேர்ந்து அதை அடைத்துவிடுகின்றன. அடைத்துவிட்டால் வெளியேற வேண்டிய உப்புகள் இரத்தத்தில் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுபோகும். இவையெல்லாம் அந்த நள்ளிரவில் எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுத் தம்பியின் வண்டியில், வயர்க்கூடையில் சின்னானை வைத்து மேலே துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு மூன்று இடங்களுக்கு அலைந்தோம். மூன்றாவது இடத்தில் மருத்துவர் மாடியிலேயே குடியிருந்ததால் கீழே இறங்கி வந்தார். மயக்க மருந்து கொடுத்துக் குழாய் செருகியபோது, பீங்கான் தட்டில் விழுந்தது இரத்தம் கலந்த சிறுநீர். இன்னும் ஆறு மணி நேரம் தாமதித்திருந்தால் வந்திருக்கவே வேண்டாம் என்றார். இரண்டு நாள் அங்கேயே சலைன் ஏறியது. என் ஒரு வாரச் சம்பளம் முழுவதும், அதற்கு மேல் கம்பெனியில் கேட்டு வாங்கிய அட்வான்ஸும் அதில் போயின. அந்த மருத்துவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நள்ளிரவில் எழுந்து வந்தவருக்கு உரிய கூலி அது. ஆனால் இரண்டாம் நாள் மாலை ஏழு மணிக்கு ஒரு மருத்துவரிடம் காட்டியிருக்க முடிந்தால், அந்த அலைச்சலும் செலவும் கால்வாசிக்கு மேல் போயிருக்காது என்று அவரே சொன்னார்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மருத்துவர் கிடைக்காத நேரத்தில் ஏழைகள் கைவைத்தியத்தில் இறங்கிவிடுகிறார்கள். எங்கள் லைனிலேயே ஒரு வீட்டில், உடம்பு சுடுகிறது என்று தங்கள் பூனைக்கு வீட்டிலிருந்த பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்தார்கள். குழந்தைக்குக் கொடுப்பதுதானே என்ற நினைப்பு. அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லை. சில மணி நேரத்தில் முகம் வீங்கி, ஈறுகள் மண் நிறத்துக்கு மாறி, மூச்சு வாங்கி, விடிவதற்குள் அது இறந்துவிட்டது. அந்த வீட்டுப் பெண்மணி இரண்டு மாதம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தங்கள் நாளிதழில் மருத்துவப் பகுதி வெளியாகும் நாட்களில், ஓரமாக நான்கு வரியில் இந்த எச்சரிக்கையை அச்சிட்டால் எத்தனையோ வீடுகளுக்கு உதவியாக இருக்கும்.

இனி, பெண்பூனையின் கதை. அதன் பெயர் வெள்ளச்சி. பெண்பூனை நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் இரண்டு மாதம்தான். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினைப்படவும் கூடும். வெள்ளச்சி ஓர் ஈற்றில் நான்கு குட்டிகள் போட்டது; அவற்றுக்கு வீடு தேடி நான் பட்ட பாடு தனிக் கடிதத்துக்கு ஆகும். கருத்தடை செய்துவிடலாம் என்று தனியாரிடம் கேட்டால் ஐயாயிரம் ரூபாய். அரசு மருத்துவரோ மனம் உவந்து, மிகக் குறைந்த செலவில் செய்து தருவதாகச் சொன்னார். ஆனால் வேலை நாளில், காலை வெறும் வயிற்றோடு கொண்டு வர வேண்டும், மயக்கம் தெளியும் வரை ஒருவர் உடன் இருக்க வேண்டும், பிறகு பத்து நாள் தையலை நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ஷிப்மெண்ட் நேரத்தில் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகவே விடுப்புக் கிடைக்காத எனக்கு, பூனைக்காக ஒரு நாள் விடுப்புக் கேட்கும் துணிவு வரவில்லை. எட்டு மாதம் தள்ளிக்கொண்டே போனது.

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்களின் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமாக உயர்ந்ததும் எங்கள் ஊர் என்ன ஆயிற்று என்பதைத் தங்கள் நாளிதழ் படிப்பவர்கள் அறிவார்கள். எங்கள் கம்பெனியில் இரவு ஷிப்டுகள் நின்றன. பிறகு வாரத்துக்கு மூன்று நாள், நான்கு நாள் என்று வேலை சுருங்கியது. வேலை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில் வெள்ளச்சியை வயர்க்கூடையில் வைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். "அமெரிக்காக்காரன் வரி போட்டதாலதான் நம்ம பூனைக்கு ஆபரேசன் ஆச்சு" என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சிரிப்பாக இருந்தாலும் உண்மை அதுதான். ஓர் உழைப்பாளி தன் வீட்டு விலங்குக்கு அரசு மருத்துவத்தைப் பெறுவதற்கு, முதலில் அவர் வேலையை இழக்க வேண்டியிருக்கிறது.

தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு ஒன்றை வாங்கச் சொன்னார்கள். அதை மாட்டியதும் வெள்ளச்சி பின்னோக்கியே நடந்து சுவரில் முட்டியது, தண்ணீர் குடிக்கவில்லை. எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். கழுத்துப்பட்டிக்கு வரும் ரிப் துணியில், குழாய் போல் பின்னிய ஒரு துண்டை எடுத்து, முன்னங்கால்களுக்கும் பின்னங்கால்களுக்கும் நான்கு துளைகள் வெட்டி, ஓரங்களைப் பேட்லாக்கில் ஓட்டி, வாலுக்கு மட்டும் தாராளமாக இடம் விட்டுத் தைத்தேன். ரிப் துணி இழுத்தால் விரியும், விட்டால் உடம்போடு ஒட்டும். தையல் காற்றோட்டமாகவும் இருக்கும், நாக்குக்கும் எட்டாது. முதல் சட்டையில் பின்பக்கம் இறுக்கமாகிவிட்டதால், இரண்டாவதை அரை அங்குலம் தளர்த்தினேன். பத்தாம் நாள் தையல் பிரிக்கப் போனபோது மருத்துவர் அந்தச் சட்டையைக் கழற்றி, திருப்பித் திருப்பிப் பார்த்து, இதைப் போல் ஐந்து தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். சாதாரணப் பூனைக்கு மூன்று, பெருத்த பூனைக்கு இரண்டு என்று அளவு பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. எக்ஸ்போர்ட் பீஸ் லட்சக்கணக்கில் தைத்தவள் நான். ஆனால் நான் தைத்ததை உடுத்தியவரை நேரில் பார்த்தது அதுதான் முதல் முறை.

அரசால் முடியாது என்று எவரும் சொல்ல வேண்டாம். சின்னானைக் குழாய் செருகும்போது பிடித்துக்கொண்டிருந்த என் கட்டைவிரலை அது ஆழமாகக் கடித்துவிட்டது. வெறிநோய்த் தடுப்பூசிக்காக அரசு மருத்துவமனைக்குப் போனேன். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு முறையும் ஒரு பைசா செலவின்றி, மரியாதையாகப் போட்டு அனுப்பினார்கள். என் உடம்புக்கு அது கிடைத்தது. ஆனால் அந்த நான்கு ஊசிகளுக்கும் நான் இழந்த அரை நாள் கூலிகளைக் கூட்டினால், பூனைக்கு ஆண்டுதோறும் போட வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசியைப் பல முறை போட்டிருக்கலாம். செப்டம்பர் 28, உலக வெறிநோய் நாளை ஒட்டி முகாம்கள் நடக்கின்றன. அவற்றுக்கு வருகிறவை பெரும்பாலும் நாய்கள். பூனையும் வெறிநோயைப் பரப்பும் என்பதை எங்கள் பக்கத்தில் பலர் அறியார்.

சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில், 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. எங்கள் மாவட்டத்திலும் உடுமலைப்பேட்டையில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு; ஆனால் திருப்பூர் நகரிலிருந்து அது வெகு தொலைவு. 1962 என்ற எண்ணை அழைத்தால் வரும் நடமாடும் ஊர்திகள் கிராமத்து ஆடுமாடுகளுக்கு நல்ல சேவை செய்கின்றன என்று என் சொந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். கால்நடை மருத்துவ அமைப்பு முழுவதும் கறவை மாட்டையும் ஆட்டையும் கோழியையும் மனதில் வைத்து, விடிந்ததும் தொழுவத்தில் இருக்கும் உழவரின் நேரத்துக்கு ஏற்றபடி வகுக்கப்பட்டது. அதில் குற்றம் காண முடியாது. ஆனால் லட்சக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் ஷிப்டுக் கணக்கில் வாழும் ஓர் ஊருக்கு அந்த நேரம் பொருந்தவில்லை.

ஆகவே மாவட்ட நிர்வாகத்துக்கும் கால்நடை பராமரிப்புத் துறைக்கும் தங்கள் நாளிதழ் வழியாக நான் வைக்கும் கோரிக்கை இதுதான். திருப்பூர் நகரில் ஏதேனும் ஓர் அரசு கால்நடை மருத்துவமனையில், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலாவது, பூனை, நாய் போன்ற வீட்டு விலங்குகளுக்கென்று காலை முதல் மதியம் வரை புறநோயாளிப் பிரிவு நடத்த வேண்டும். அதே நாளில் முன்பதிவு செய்த பூனைகளுக்குக் கருத்தடையும் செய்தால், நொய்யல் கரைக்குச் சாக்குகள் போவது தானாகக் குறையும். இலவசமாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நியாயமான கட்டணத்தைப் பலகையில் எழுதி வைத்தால், சனிக்கிழமை சம்பளத்திலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு வருவோம். ஞாயிறு பணிக்கு வரும் மருத்துவருக்கும் உதவியாளருக்கும் அந்தக் கட்டணத்திலிருந்தே ஊக்கத்தொகை கொடுக்கலாம், வார நாளில் மாற்று விடுப்பும் தரலாம். விடுப்பில்லாமல் உழைப்பது எப்படி இருக்கும் என்று அறிந்த நாங்கள், எங்கள் பூனைகளுக்காக இன்னொருவரை அப்படி உழைக்கச் சொல்ல மாட்டோம்.

மருந்துக் கடையில் அப்படிச் சொன்ன பெரியவர் இதைப் படிக்க நேர்ந்தால், அவருக்கு ஒரு செய்தி. தீபாவளிக்குக் கம்பெனிகள் மூடி நாங்கள் சொந்த ஊருக்குப் போகும் ஒரு வாரம், எங்கள் பூனைகளுக்குச் சோறு வைப்பவர் எதிர் வீட்டில் குடியிருக்கும் பீகார் தொழிலாளி. அவருக்குத் தமிழ் சரியாக வராது. பூனைகளைச் சின்னான், வெள்ளச்சி என்று மட்டும் தெளிவாக அழைப்பார். சட் பூஜைக்கு அவர் ஊருக்குப் போகும்போது அவருடைய கறுப்புப் பூனைக்கு நான் சோறு வைக்கிறேன். எங்கள் இருவரின் சம்பளக் கவர்களையும் சேர்த்து எண்ணினாலும் பூனை வளர்க்கும் வசதி உள்ளவர்கள் என்று யாரும் எங்களைச் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் மூன்று பூனைகளும் வேளைக்குச் சாப்பிடுகின்றன. அவற்றுக்கு நோய் வரும்போதுதான் நாங்கள் கையைப் பிசைகிறோம்.

இந்தக் கடிதத்தை எழுதி முடிக்க எனக்கு மூன்று ஞாயிறுகள் ஆயின. கோரிக்கை ஏற்கப்பட்டால், முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்கு வயர்க்கூடையோடு வந்து நிற்பதற்கு எங்கள் லைனில் மட்டும் ஐந்து வீடுகள் பெயர் கொடுத்திருக்கின்றன. அந்தப் பட்டியல் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருப்பூர்.